உமிக்கரியும் வெள்ளைக்கல்லும்

கொங்கு நாட்டின் உலோகத் தொழில் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். நொய்யல் கரையின் கொடுமணலில் தொடங்கி, சேலத்துக் கஞ்சமலை இரும்பைத் தொட்டுக்கொண்டு, 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய நூற்பாலைக்குத் தாவுவார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த கதையைச் சொல்வார்கள். இந்தியாவிலேயே முதலில் செய்யப்பட்டது என்று கோவை பெருமையோடு குறிப்பிடும் 1937ஆம் ஆண்டு மின் மோட்டாரையும், அதன் பின்னால் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் என்ற இரு பெயர்களையும் சொல்லிவிட்டுப் பம்புசெட்டில் முடிப்பார்கள். தாது, உலோகம், இயந்திரம், முதலாளி எல்லாம் இந்தக் கதையில் உண்டு. நெருப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் நின்ற மண்பூச்சு மட்டும் இல்லை. உலோகம் உருக்கும் மண்கலமான மூசையின் சுவர், உலையின் உள்பூச்சு, வார்ப்பு அச்சின் மேல் தடவிய கரிக்குழம்பு இவையெல்லாம் வேலை முடிந்ததும் உடைந்துபோகிறவை, குப்பையில் சேர்கிறவை. அதனால் பெருமைப்பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. இந்த வட்டாரத்தில் உலோகவேலை எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைத் தாதுவைவிட, வெப்பத்தைத் தாங்க எந்த மண் கையில் இருந்தது, அதை எப்படிக் குழைக்கத் தெரிந்தது என்பதே அதிகம் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். இன்று விமான எஞ்சின் தகடுகளுக்கும் டீசல் பிஸ்டன்களுக்கும் பூசும் வெப்பத்தடுப்புப் பூச்சை ஏதோ திடீரென்று முளைத்த புதுமையாகப் பார்ப்பவர்கள், இந்தக் குப்பைமேட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே நடத்திய அகழாய்வுகளும், பின்னால் கா. ராஜன் தலைமையில் தொடர்ந்த பணிகளும் கல்மணி செய்த இடங்களையும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் இரும்பு உருக்கிய தடயங்களையும் வெளிக்கொணர்ந்தன. உலைகளோடு சேர்ந்து கிடைத்தவை இரும்புக்கசடும், வெப்பத்தில் கண்ணாடிபோல் உருகி மினுக்கும் மூசைத் துண்டுகளும். அங்கே நடந்தது முழுமையான மூசை உருக்குத் தயாரிப்புதானா, எந்த நூற்றாண்டில் அது நிலைபெற்றது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் வாதத்துக்கு அந்த வழக்கு தீர்ந்தாக வேண்டியதில்லை. இரும்பு அங்கிருந்து போய்விட்டது. மிச்சமிருந்ததும் பெரும்பாலும் துருவாகிவிட்டது. அங்கே என்ன வெப்பம் எட்டப்பட்டது என்று நமக்குச் சாட்சி சொல்ல நிற்பது அந்த மண்துண்டுதான். சாதாரணச் செங்கல் மண் 1,100, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கிவிடும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரிமம் ஏறிய இரும்பு முழுவதும் நீர்மமாக 1,450 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். இந்த இடைவெளியை அடைக்காமல் யாராலும் உருக்கு செய்ய முடியாது. தாது நல்லதாக இருந்தாலும், துருத்தி வலுவாக இருந்தாலும், இரும்பு உருகுவதற்கு முன்னால் பாத்திரம் உருகிப்போனால் வேலை அங்கேயே முடிந்தது.

இந்த இடைவெளியை அடைத்தது எது என்பதற்கு எழுத்துச் சாட்சியும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சேலத்து அதிகாரியாக இருந்து, பின்பு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், தென்னிந்திய உருக்குச் செய்முறையை 1839இல் பதிவுசெய்தார். தேனிரும்பை வெட்டித் துண்டுகளாக்கி, ஆவாரங்குச்சியோடு மூசைக்குள் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயை ஈரக்களிமண்ணால் அழுத்தி அடைத்துவிடுவார்கள். காய்ந்ததும் இருபது இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் உருக்குக்கட்டி. ஹீத்தின் கவனமெல்லாம் குச்சியிலும் இலையிலும்தான். ஐரோப்பியர் அப்போதுதான் காப்புரிமை வாங்கியிருந்த முறைகளை இந்த இலை எப்படி முந்திக்கொண்டது என்று வியந்து ஆராய்கிறார். மூசை எதனால் ஆனது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார்: வெப்பம் தாங்கும் களிமண், அதில் ஏராளமாக நெல்லுமிக் கரி. அன்று அவர் செய்ததைத்தான் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை செய்துவருகிறார்கள். உள்ளே இருந்ததைப் பார்த்தார்கள், சுற்றியிருந்ததைப் பார்க்கவில்லை.

அந்த உமிக்கரி செய்த வேலை சாதாரணமானதல்ல. நெல்லுமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் சிலிக்கா. கரியாக மட்டும் எரிந்த உமி, காற்றுப் போகாத களிமண் சுவருக்குள் எரிந்து தீராமல் கரிமமாகவே தங்கும். வெளிப்பக்கம் உருகிக் கண்ணாடித் தோலாகி உலைக்காற்று உள்ளே நுழையாமல் தடுக்க, உட்பக்கம் கறுப்பாக, உறுதியாக நிற்கும். இரும்பு திரும்பவும் ஆக்சைடாகாமல் காத்ததில் அந்தக் கறுப்புச் சுவருக்குப் பங்கு உண்டு. உமியின் வடிவம் சுவர் முழுவதும் நுண்ணிய இடைவெளிகளை விட்டுவைத்தது. வெப்பத்தில் பிறந்த விரிசல் ஒன்று ஓடிவந்தால் அந்த இடைவெளியில் வந்து அடங்கியது. தக்காணத்து மூசைத் துண்டுகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்த தெல்மா லோவும் அவருடைய சகாக்களும் 1991இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றை முல்லைட் இழைகளால் வலுவேறிய கூட்டுப்பொருள் என்றே வகைப்படுத்தியது. பொருளறிவியல் அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டில் உயர்ந்த தொழில்நுட்பமாக வகுப்பெடுத்த ஒன்று, நெல் குத்திய முற்றத்துக் கழிவிலிருந்து பிறந்திருந்தது.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு: திறமை கொல்லனுடையது, துருத்தியின் தாளம், கரியின் அளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்ற கணக்கு இவைதான் உருக்கைச் செய்தன, மூசை வெறும் பாத்திரம். கொல்லனின் கணக்கை நான் குறைக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் அனுபவம் வேறு கதையைச் சொல்கிறது. 1740களில் ஷெஃபீல்டு அருகே மூசை உருக்கை மீண்டும் கண்டறிந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் கடிகாரம் செய்பவர். நல்ல ஸ்வீடன் இரும்பு அவருக்குச் சந்தையில் கிடைத்தது. அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தவற்றில் முக்கியமானது அந்த வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம். ஸ்டவர்பிரிட்ஜ் களிமண் கிடைத்த பிறகே வழி திறந்தது. பின்னால் ஷெஃபீல்டு ஆலைகளில் வெறுங்காலால் மணிக்கணக்கில் அந்த மண்ணை மிதித்துக் குழைப்பதே தனித்தொழிலாக இருந்தது. அதில் அவர்கள் கலந்தது நிலக்கரிக் கோக் தூள். இங்கே உமிக்கரி செய்த வேலையை அங்கே அது செய்தது. ஆலைக்குள் மூசை செய்பவருக்கென்று ஓர் இடம், ஒரு பெயர், ஒரு கூலி இருந்ததால் அவருடைய அறிவு ஏட்டில் ஏறியது. நம்மிடம் மூசை குழைத்தவர் யார் என்று எந்த ஏடும் கேட்கவில்லை. ஹீத்தின் காலத்துக்குப் பின் சேலம், கோயம்புத்தூர்ப் பக்கத்து உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது, அந்தக் கலவையின் பக்குவமும் பேச்சில்லாமல் அணைந்தது. சித்த மருத்துவர்களின் சீலைமண் மட்டும் தப்பியது. மருந்துக்கலத்தின் வாயைத் துணியில் மண் தடவி ஏழு சுற்றுச் சுற்றி, காயவைத்து, புடமிடும் அந்த வழக்கம் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு என்ற கருத்தை நூலில் எழுதிவைத்தது. உலோகம் உருக்கியவர்களுக்கு அப்படி ஒரு நூல் வாய்க்கவில்லை.

அடுத்து வருவது வெள்ளைக்கல். சேலத்துக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் கரும்பாறைக்கு நடுவே வெள்ளை நரம்புகள் ஓடும் மேட்டை ஆங்கிலேயர் சுண்ணக்கட்டி மலை என்று தவறாகப் பெயரிட்டார்கள். அது மேக்னசைட்டு. உயர்வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு போய் மக்னீசியா மிஞ்சும். அது உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்தக் கல்லின் மதிப்பு 1870களின் கடைசியில் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாற்றத்தால் உயர்ந்தது. பாஸ்பரஸ் கலந்த இரும்பைச் சுத்தமாக்கச் சுண்ணாம்பு போட வேண்டும் என்று தாமஸும் கில்கிறிஸ்டும் நிறுவினார்கள். சுண்ணாம்புக் கசடோ சிலிக்காச் சுவரை அரித்துத் தின்றுவிடும். எனவே சுவரும் காரத்தன்மை உள்ளதாக வேண்டும். அங்கேதான் மக்னீசியா தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சேலத்து வெள்ளைக்கல் வெட்டப்பட்டு, சுடப்பட்டு, செங்கல்லாகி, நாட்டின் உருக்காலை உலைகளுக்குள் உள்தோலாகப் போனது. கஞ்சமலை இரும்பைப் பற்றி நூறாண்டாகப் பேச்சு ஓடியது. 1980களில் கடைசியாக வந்த சேலம் உருக்காலையோ துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை, கஞ்சமலைத் தாதுவை அது தொடவே இல்லை. நவீன இந்திய உருக்குக்குச் சேலம் உண்மையில் கொடுத்தது இரும்பை அல்ல, அதைத் தாங்கிய சுவரை. இந்த முரணைச் சேலத்துக்காரர்களே அதிகம் சொல்லிக்காட்டாதது எனக்கு வியப்புதான்.

கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளுக்கு வருவோம். ஆழக்கிணறும் கவலையும் மாடும் இருந்த நாட்டில், பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பம்பு ஒவ்வொரு தோட்டத்துக்கும் தேவைப்பட்டது. பம்பின் உடலும் உள்சுழலியும் வார்ப்பிரும்பு. நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் வார்த்துப் பழகிய பட்டறைகள் பம்பு வார்க்கத் திரும்பின. வார்ப்பவர் எதிர்கொண்ட சிக்கல் மூசைக்காரரின் சிக்கலைத் திருப்பிப் போட்டது. அங்கே பாத்திரம் தாங்க வேண்டும். இங்கே மணல் அச்சு தாங்க வேண்டும். சாம்பல்நிற வார்ப்பிரும்பை ஏறக்குறைய 1,350 முதல் 1,400 டிகிரியில் ஊற்றுகிறார்கள். ஆற்றுமணலின் சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும் என்றாலும், இரும்பின் ஆக்சைடு அதோடு சேர்ந்தால் 1,200 டிகிரியிலேயே உருகும் கலவை பிறந்துவிடும். பிறந்தால் மணல் வார்ப்பில் ஒட்டிக்கொள்ளும். பம்பின் உள்வழியில் ஒட்டிய மணலை உளியால் செதுக்க முடியாது. செதுக்காமல் விட்டால் தண்ணீர் ஓட்டம் தடைபட்டு, அதே மின்சாரத்துக்குக் குறைந்த தண்ணீர் வரும். இதைத் தடுத்தது, கிராபைட் தூளைக் களிமண்ணோடு தண்ணீரில் குழைத்து, அச்சிலும், வார்ப்பின் உள்வெற்றிடத்தை உண்டாக்கும் கோரிலும் தூரிகையால் தடவும் பிளாக் வாஷ். ஒரு மில்லிமீட்டர்கூட இராத கறுப்புத் தோல் அது. உருகிய இரும்பு கிராபைட்டில் எளிதில் படியாது. தடவிய இடம் வழவழப்பாக வரும். விவசாயி அந்தப் பூச்சைப் பார்த்ததே இல்லை, பம்பின் திறனில் அதன் பலனை வாங்கிக்கொண்டார். எஃகு வார்க்கும்போது வெப்பம் 1,550 டிகிரியைத் தாண்டும். அங்கே சிர்கான் மாவுக் குழம்பு. கல்லுடைக்கும் எந்திரத்தின் தாடைகளுக்கு வார்க்கும் மாங்கனீசு எஃகு சிலிக்காவை அரிக்கும் என்பதால் அதற்கு மேக்னசைட்டுப் பூச்சு. சேலத்து வெள்ளைக்கல் செங்கலாக மட்டுமின்றி மெல்லிய தோலாகவும் வேலை செய்தது. இதோடு இரும்பு உருக்கும் குபோலா உலையின் உள்பக்கத்தை ஒவ்வொரு வார்ப்புக்குப் பிறகும் கொத்தி, கசடெடுத்து, தீக்களிமண் அப்பி ஒட்டுப்போடும் வேலையையும் சேர்த்துப் பார்த்தால், பவுண்டரியின் உழைப்பில் பெரும்பங்கு இரும்பைத் தொடாத உழைப்பு என்பது தெரியும். உலைக்குள் இறங்கி மண் அப்பியவருக்கு, அச்சு செய்யும் மோல்டருக்குக் கிடைத்த மதிப்பு கிடைத்ததில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. கொடுமணலுக்கும் கோயம்புத்தூரின் பீளமேட்டுப் பவுண்டரிகளுக்கும் என்ன தொடர்பு? இடையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு. பரம்பரை இல்லை, பயிற்சி இல்லை, பட்டறை மாறியது, சாதி மாறியது, மொழிகூட ஆங்கிலக் கையேட்டின் மொழியானது. பவுண்டரிக்காரர் பிளாக் வாஷைக் கற்றது மேல்நாட்டு வார்ப்பு நடைமுறையிலிருந்து, ஊர்க்கொல்லனிடமிருந்து அல்ல. இதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அறுபடாத மரபு என்று சொல்லி மார்தட்டும் வரலாறு எனக்கு எப்போதும் சந்தேகத்துக்குரியது. உமி கலந்த மூசையும் கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. தெலங்கானாவில் உண்டு, இலங்கையிலும் மூசை உருக்கு நடந்தது. நான் சொல்லும் தொடர்ச்சி ஆட்களின் தொடர்ச்சி அன்று, சிக்கலின் தொடர்ச்சி. ஒரே மண், ஒரே கல், ஒரே வெப்பம் மூன்று முறை வெவ்வேறு ஆட்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. மூன்று முறையும் பதில் கெட்டியான பொருளில் இல்லாமல் கலவையில் இருந்தது. அந்தக் கலவை அறிவு எழுதப்படாமல் போனதால்தான் ஒவ்வொரு தலைமுறையும் அதை வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்கியது.

எஞ்சின் பூச்சுகளின் கதையை இந்த வெளிச்சத்தில் வாசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகம் விமானப் புகைபோக்கிகளுக்கு ஏ-417 என்ற பீங்கான் எனாமல் பூச்சை உருவாக்கியது. நோக்கம், கிடைக்காத நல்ல உலோகத்துக்குப் பதிலாகச் சாதாரண எஃகைக் காப்பாற்றிப் பயன்படுத்துவது. 1960களில் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் நாசிலுக்கு உள்ளே சிர்கோனியா தெளித்தார்கள். சிர்கோனியாவைத் தேர்ந்ததற்கு அதன் உருகுநிலை மட்டும் காரணமல்ல. சூடானால் அது விரியும் அளவு உலோகம் விரியும் அளவுக்கு நெருங்கியது, வெப்பத்தையும் குறைவாகக் கடத்தும். ஆனால் தூய சிர்கோனியா 1,170 டிகிரியை ஒட்டிப் படிக அமைப்பு மாறிப் பருமனும் மாறி உதிர்ந்துவிடும். எதையாவது கலந்து அதை அடக்க வேண்டும். முதலில் கலந்தவை சுண்ணாம்பும் மக்னீசியாவும். அந்த மக்னீசியா சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டாலும் கிடைக்கும் அதே பொருள். நீண்ட நேரம் உயர்வெப்பத்தில் அவை தளர்ந்ததால், நாசாவின் ஸ்டீபன் ஸ்டெகுரா 1970களின் கடைசியில் ஆறு முதல் எட்டு சதவீதம் இட்ரியா கலந்தால் பூச்சு அதிக நாள் நிற்கும் என்று காட்டினார். இன்றைய டர்பைன்கள் அதன் வழியில்தான் போகின்றன. உலோகப் பிடிப்புப் பூச்சு ஒன்றின் மேல், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சிர்கோனியாத் தோல். உள்ளே குளிர்காற்று ஓட, இந்தத் தோல் உலோகத்தின் வெப்பத்தை நூறு டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். பிளாஸ்மா சுடரால் தெளித்த அந்தத் தோல் கெட்டியாக இருப்பதில்லை. பத்து சதவீதத்துக்கும் மேல் இடைவெளி இருக்கும், நுண்விரிசல் நிறைந்திருக்கும். அந்த இடைவெளிதான் கடத்தலை மேலும் குறைக்கிறது. அந்த விரிசல்தான் உலோகம் விரியும்போது பூச்சு உரிந்துபோகாமல் காக்கிறது. இடைவெளி இல்லாமல் அழுத்தமாகப் பூசினால் சீக்கிரம் உதிரும். உமி மூசையின் சுவருக்கும் இதற்கும் இடையே நான் காணும் ஒற்றுமை இந்த இடத்தில்தான். மூசை உள்ளே வெப்பத்தை விட்டு நெருப்பின் வாயுவைத் தடுத்தது, டர்பைன் பூச்சு வெப்பத்தையே தடுக்கிறது. நோக்கம் எதிரெதிர் என்று ஒருவர் சொன்னால் சரிதான். ஆனால் பீங்கான் தோல் உடையாமல் இருக்க அதற்குள் வேண்டுமென்றே குறை வைக்க வேண்டும் என்ற தீர்வு இரண்டிலும் ஒன்றே.

அப்படியானால் எஞ்சின் பூச்சில் கோயம்புத்தூர் ஏன் எதையும் சாதிக்கவில்லை என்று கேட்கலாம். ஆயில் எஞ்சினும் பம்பும் மோட்டாரும் செய்த ஊர். சிர்கோனியாவுக்கு மூலப்பொருளான சிர்கான் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே பிரித்தெடுக்கப்படுகிறது. அறிவில்லாததால் அல்ல என்பது என் பதில், தேவை எழவில்லை. தோட்டத்து ஆயில் எஞ்சின் கிணற்றடியில் நிற்கும். அது இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டாலே சிலிண்டர் குளிர்ந்துவிடும். குளிர்விக்கும் தண்ணீரை இறைப்பதையே வேலையாகக் கொண்ட எஞ்சினுக்கு, வெப்பத்தைத் தடுக்க விலையுயர்ந்த தோல் எதற்கு? 1970களின் கடைசியிலும் 1980களிலும் கம்மின்ஸ் நிறுவனத்தின் ராய் காமோவும் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் பிரைசிக்கும் ரேடியேட்டரே இல்லாத டீசல் எஞ்சினை முயன்று, லாரியில் ஓட்டியும் காட்டினார்கள். பிஸ்டனும் சிலிண்டர் தலையும் பீங்கான் தோல் போர்த்தியிருந்தன. சுவர் வழியே போகாமல் தடுத்த வெப்பத்தில் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் புகையோடு வெளியேறியது; சூடான சுவர் உள்ளே வரும் காற்றையும் விரியச்செய்து எஞ்சின் மூச்சைக் குறைத்தது. புகைவெப்பத்தைப் பிடிக்க டர்போ இல்லாவிட்டால் மிச்சம் சொற்பம். சூடான சுவரால் எரிபொருள் செலவு கூடும் என்று 1987இல் ஜெர்மனிய எஞ்சின் ஆய்வாளர் வோஷ்னி வாதிட்டதும் அந்தக் கனவைத் தளர்த்தியது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினின் பிஸ்டனுக்குச் சிர்கோனியா தெளித்துச் சோதிப்பது இன்று வழக்கமான முதுகலை ஆய்வு. எரிபொருள் கொஞ்சம் மிச்சமாகும், நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் கூடும்; முடிவுகள் எஞ்சினுக்கு எஞ்சின், பூச்சின் கனத்துக்குக் கனம் மாறுகின்றன. பம்புசெட் வாங்குகிறவர் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சிச் சிர்கானுக்கு இப்போதைக்கு இந்த வட்டாரத்தில் உள்ள நேர்மையான வேலை பிஸ்டன் தலையில் இல்லை; எஃகு வார்க்கும் பவுண்டரியின் கோர் மேசையில், தூரிகை முக்கிய வாளிக்குள் இருக்கிறது.